செருப்பு: ஆம்

அக். 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. சேந்தமங்கலம் பட்டறையில் இரண்டு மாவுக்கட்டு அச்சு, ஒரு வார் மாற்றல். கை முழுக்க வெள்ளை.

செயற்கைக்கால் உதவியாளர் தேர்வு எழுத, பத்துப் பேருக்குக் கால் பொருத்திய பதிவேடு வெள்ளிக்குள் போக வேண்டும். ஒன்பது முடிந்தது. பத்தாவது பெரியசாமி அண்ணன், மேலே மலையில் திண்ணனூர் நாடு. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கால் கொடுத்து ஒரு மாதம். புண் உண்டா என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல கண்ணு. நீ நல்லா பாஸ் பண்ணு."

நிம்மதி. புதனன்று போய்க் கையெழுத்து வாங்கினால் போதும். குடை ரிப்பேர்.

அக். 8, புதன்
சோளக்காட்டில் பஸ் இறங்கினால் பெரியசாமி அண்ணன் மனைவி, வாழைத்தார்களோடு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லிராத கண்ணு. காலுறையெல்லாம் ரத்தம். தொவச்சுத் தொவச்சு ஒளிக்கறாரு. உம் பரிச்சை கெட்டுப்போயிருமாம்."

நேரே அவர் காட்டுக்கு. சாமை அறுப்பு. வரப்பில் ஒரு ஜோடி செருப்பு. அண்ணன் உள்ளே, வெறுங்காலோடு, பின்னால் சாய்ந்து சாய்ந்து நடை. காலைக் கழற்றிப் பார்த்தேன். எலும்பு முனையில் புளியங்கொட்டை அளவு புண்.

"வெளையற காட்டுக்குள்ள செருப்போட எறங்குவாங்களா? உனக்குத் தெரியாததா கண்ணு?"

தெரியும். நானும் இந்த மலைதான். என் அப்பாவும் வரப்பில் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். படிவத்தில் 'செருப்பு அணிவாரா?' என்று இருந்தது. 'ஆம்' என்று எழுதினேன். அந்தச் செருப்பின் குதி உயரத்துக்குப் பட்டறை மேடம் காலை நிறுத்தினார். செருப்பைக் கழற்றினால் கால் பின்னுக்குச் சாயும், எலும்பு இடிக்கும். எங்கே கழற்றுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. பெரிய படிப்பு!

"எழுதிராத சாமி. நான் மூச்சு விடமாட்டேன்."

காலைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன், சரிசெய்ய. அறுப்பு நேரத்தில் அவர் ஊன்றுகோலோடு. பஸ்ஸில் அழுதேன். பக்கத்து அம்மா ஒரு கொய்யா கொடுத்தார்.

அக். 9, வியாழன்
மேடம்: "புண்ணுன்னு எழுதினா இந்தக் கேஸ் செல்லாது ரத்தினா. அடுத்த வருஷந்தான் பரீட்சை." பிறகு, என்னைப் பார்க்காமல், "உன் இஷ்டம்."

வெளியில் யாருக்கும் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே.

அக். 10, வெள்ளி
வெயில். புண்: உண்டு. காரணம்: நான் கேட்காதது. எழுதியாயிற்று. ஒரு வருஷம் போச்சு.

பதிவேட்டை மூடும்போதுதான் கவனித்தேன். மற்ற ஒன்பது பேரில் ஆறு பேர் மலைக்காரர்கள். ஆறிலும் என் கையெழுத்தில் 'ஆம்'. ஆறு பேரும் போனில் ஒன்றுமில்லை என்றவர்கள். சோளக்காடு பஸ் நிறுத்தத்துக்கே செருப்போடு வந்து கையெழுத்துப் போட்டுத் தந்தவர்கள்.

முதல் ஆளுக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, காட்டுல எறங்கறப்ப செருப்பக் கழட்டிருவீங்களா?"

அவர் திருப்பிக் கேட்டார்:

"உம் பரிச்சை முடிஞ்சுருச்சா கண்ணு?"