துடக்குக்காரிக்கு இடமில்லாத குழி

அக்கா,

இன்று காலையில் அந்தப் பதுங்குகுழியை மூடத் தொடங்கிவிட்டார்கள். மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளை இரண்டு பேர் அலவாங்கால் நெம்பித் தூக்க, உக்கிய மரமும் ஈர மண்ணுமாக ஒரு நாற்றம் கிளம்பிக் குசினிவரைக்கும் வந்தது. அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். "நல்லாய் மிதிச்சு நிரவுங்கோ, வாழை வைக்கவேணும்" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழையாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அது உன் குழியல்லவா? திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, அத்தானுடைய துறைமுகக் குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்க் கானுக்குள் குப்புறக் கிடந்து தப்பியவள் நீ. எட்டு மாத வயிற்றோடு தெல்லிப்பழைக்கு வந்து இறங்கியதும், அம்மா தந்த கோப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல், "குழி வெட்டினியளோ?" என்று கேட்டாய். எங்கள் வளவுக்கும் தன் வளவுக்கும் நடுவில் பெரியப்பா வெட்டுவித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் வாய்க்கால் போல நேராக. நீ வெயிலில் போய் நின்று, "இப்பிடி வெட்டினால் ஒரு குண்டோடை எல்லாரும் சாகவேண்டியதுதான். நடுவிலை முறிச்சு வளைச்சு வெட்டுங்கோ" என்றாய். செம்மண்ணுக்குக் கீழே முழுக்கக் கல். வளைப்பதென்றால் இரட்டிப்பு வேலை. "பொம்பிளையள் எனக்குப் படிப்பிக்க வந்திட்டினம்" என்று முணுமுணுத்தார். எங்களைப் பெற்ற ஐயா கண்மூடிய பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் அவர் சொல்தான். ஆனாலும் அந்த ஒரு நாள் உன் சொல்லைக் கேட்டார். நீ கண்ணால் கண்டு வந்தவள், அவருக்கும் உயிர்ப்பயம்.

பிள்ளை பிறந்து பதின்மூன்றாம் நாள். முப்பத்தொரு நாள் துடக்குத் தீட்டுக் கழியும்வரை உன்னைப் பக்கத்து அறையில் ஒதுக்கி, சோற்றைக்கூட வாசலில்தான் வைத்தோம். முதல் நாள்தான் கோயிலில் கொடியேறியிருந்தது. திருவிழா பெரியப்பாவின் பொறுப்பு, கையில் காப்புக் கட்டி விரதத்தோடு இருந்தார். காலை பத்து மணியிருக்கும், பள்ளிக்கூட மணி விடாமல் அடித்தது. குண்டு வருகுது, பதுங்கு என்பதற்கு அதுதான் அடையாளம். எல்லோரும் விழுந்தடித்துக் குழிக்குள் இறங்கினோம். கடைசியாக நீ வந்தாய், துணியில் சுற்றிய பிள்ளையோடு, அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

பெரியப்பா படியில் கையை நீட்டி மறித்தார். "நில்லு பிள்ளை. நான் காப்போடை இருக்கிறன். துடக்கோடை உள்ளுக்கை வராதை."

"பெரியப்பா, பிளேன் சத்தம் கேக்குது."

"மாட்டுக்கொட்டிலுக்கை போய் இரு. கடவுள் பாப்பார்."

நீ அம்மாவைப் பார்த்தாய். பெற்ற தாய், "போ பிள்ளை, பெரியவர் சொல்லுறார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாய். எனக்குப் பதினேழு வயது. என் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்க இடமிருந்தது. நான் குனிந்து என் பாவாடைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கொட்டிலுக்குப் போகவில்லை. ஓலைக்கூரை எதைத் தடுக்கும்? மிளகாய்த் தோட்டத்து வாய்க்காலில், விடிய இறைத்த தண்ணீர் வற்றாத சேற்றுக்குள், பிள்ளையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறக் கிடந்தாய். விமானம் இரைந்துகொண்டு தலைக்கு மேலால் போனது. அது ஜப்பான்காரனுடையதல்ல, வெள்ளைக்காரனுடைய விமானமாம். வெளியே வந்து எல்லோரும் சிரித்தார்கள். உன்னால் எழும்ப முடியவில்லை. அன்று பின்னேரமே நடுக்கம் தொடங்கியது. மூன்றாம் நாள் சன்னி. ஏழாம் நாள் நீ இல்லை.

இனி நீ அறியாத கதையைக் கேள். உன்னைக் கொண்டுபோன மறுநாள் தேர். செத்த வீட்டுத் துடக்கோடு தேருக்கு வரலாமோ என்று யாரோ கேட்டார்கள். பெரியப்பா நம் முற்றத்தில் நின்றே சொன்னார்: "காப்புக் கட்டினவனைத் துடக்கு ஒட்டாது. அதுதானே முறை." போய் வடம் பிடித்தார். ஒட்டாதாமே! அப்படியென்றால் ஒரு கிழமைக்கு முன் மட்டும் எப்படி ஒட்டியது? பச்சைப் பிள்ளையோடு படியில் நின்றவளிடமிருந்து ஒட்டும், பாடையில் போனவளிடமிருந்து ஒட்டாதோ? என்ன விசர் முறை இது, அக்கா!

ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த வேலைக்காரர் இருவருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். "காப்புக்குத் துடக்கு ஒட்டாதெண்டால், அண்டைக்கு அக்காவை ஏன் உள்ளுக்கை விடேல்லை?"

அவர் முகம் கறுத்தது. "பழசைக் கிண்டாதை. அவள் காய்ச்சலிலை செத்தவள்."

காய்ச்சல்! உன் மகளுக்கும் அதையே சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். சத்தம் கேட்டு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அந்த மண் மேட்டிலேயே இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். "சின்னப் பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கடி?" என்று அம்மா கத்தக் கத்தச் சொன்னேன். யார் மறித்தது, யார் போகச் சொன்னது, நான் எங்கே இருந்தேன், ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியப்பாவை முறைப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"சித்தி, நீங்கள் ஏன் வெளியிலை வந்து அம்மாவோடை போகேல்லை?"

அக்கா, நான் கேட்டதற்குப் பெரியப்பா ஒரு பொய்யாவது சொன்னார். எனக்கு அதுவும் வரவில்லை.