கிழியாத மட்டை

1990 ஓகஸ்ட் 6, மிச்சம், தென் லண்டன்

பிரான்ஸ், இத்தாலிக்குப் பிறகு சுவிஸ் விசாவும் கிடைத்துவிட்டது. மூன்று விசாவுக்கு மூன்று வரிசை, மூன்று நாள் லீவு. வெள்ளைக்காரப் பெடியன்கள் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு நினைத்தவுடன் ரயில் ஏறுகிறார்கள். என்னிடம் இருப்பது பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் ஹோம் ஒஃபிஸ் தந்த மண்ணிறப் பயணப் புத்தகம். அதைக் கண்டதும் எந்தக் கவுண்டரிலும் முகம் சுருங்குகிறது.

வீட்டுக்காரர் பஸ்தியாம்பிள்ளை அண்ணைக்குச் சிரிப்பு. "கலியாணம் கிட்டுது, யோகலிங்கம். இப்ப என்ன உனக்கு ஊர் சுத்துற வேலை?"

அவருக்கு எப்படிச் சொல்வது? எண்பத்து மூன்றில் இதே நாடுகளுக்குள்ளால்தான் வந்தேன். லொறிக்குள், மரப்பெட்டிகளுக்குப் பின்னால். பிரான்ஸ் என்றால் எனக்கு டீசல் மணம். இத்தாலி என்றால் மூத்திரப் போத்தல். ஒருக்கால் பகல் வெளிச்சத்தில், சொந்தப் பெயரில் பார்க்கவேண்டும். கலியாணம் முடிந்தால் யார் விடப்போகிறார்கள்?

ஓகஸ்ட் 9

கொழும்பிலிருந்து செல்வமலரின் கடிதம். செப்டெம்பர் நாலாம் திகதி ஹீத்ரோவில் இறங்குகிறாள். மாப்பிள்ளை நான் நேரில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் இமிகிரேசன்காரர் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். "நீங்கள் நிப்பீங்கள்தானே?" என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாள். நிற்காமல் எங்கே போவேன்?

ஓகஸ்ட் 13, பாரிஸ்

ஹொஸ்டலில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. புத்தகத்தைக் காற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஓகஸ்ட் 17, புளோரன்ஸ்

ஹொஸ்டல் குசினியில் ஒருத்தி மீன் டின்னுக்குள் மிளகாய்த்தூள் கொட்டிக்கொண்டு நின்றாள். தமிழ்தான். நீலவேணி, சிங்கப்பூர், லண்டனில் சட்டம் படிக்கிறாள். வாய் ஓயாது. "நீங்க எப்படி லண்டன் வந்தீங்க?" என்றாள். பிளேனில், படிக்க, என்றேன். பொய் எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது!

நாளைக்கு அவளும் இரண்டு அவுஸ்திரேலியப் பெடியன்களும் சுவிஸ் போகிறார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அவளுக்குப் பனிமலை பார்க்கிற ஆசை.

ஓகஸ்ட் 19, மிலான்

எழுதாவிட்டால் விசர் பிடிக்கும்.

நேற்றுப் பின்னேரம், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, ரயிலில் நித்திரையாகிவிட்டேன். எழும்பினால் ஒரே இருட்டு — சுரங்கம். அடுத்த பெட்டிக் கதவில் தட்டுகிறார்கள். "பாஸ்போர்ட்!" என்று சத்தம். உடனே காதுக்குள் முருகேசன். எங்களை லொறியில் ஏற்றிய ஏஜென்ட் அவன். "தட்டுற சத்தம் கேட்டா யோசிக்காதை. கிழிச்சு விடு. புத்தகம் இல்லாதவனைத் திருப்பி அனுப்பேலாது."

அது அப்ப. அது கள்ளப் புத்தகம்.

நான் கழிவறைக்குள் நிற்கிறேன். கிழிக்கிறேன். தண்டவாளத்தில் விடுகிறேன். என் படம், என் பெயர், மூன்று விசா. வெளிச்சம் வந்தபோது புத்தகத்தின் வெளி மட்டை மட்டும் கையில் இருந்தது. தடித்த மட்டை, கிழியவில்லை.

அட விசரா, என்னடா செய்தனி?

கதவைத் திறந்தால் நீலவேணி. பார்த்தாள். மட்டையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். புத்தகம் களவு போய்விட்டது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. எல்லையில் இறக்கி, இத்தாலிப் பொலிசிடம் கொடுத்தார்கள். அவர்கள் விசாரித்து, மிலானில் பிரிட்டிஷ் கொன்சுலேட்டுக்குப் போ என்று விட்டார்கள். அவுஸ்திரேலியர்கள் கைகாட்டிவிட்டுப் போக, இவள் என்னோடு இறங்கிவிட்டாள்.

மிலான் வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அது உங்க சொந்தப் புத்தகம்தானே? ஏன் கிழிச்சீங்க?"

முருகேசனைச் சொன்னேன். லொறியைச் சொன்னேன்.

ஓகஸ்ட் 20

கொன்சுலேட்டில் மறுபடியும் களவுக் கதையைத் தொடங்கினேன். நீலவேணி மட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல நம்பர் இருக்கு. நடந்ததைச் சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்றேன்." சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. கொன்சுலேட் மனிசன் இலக்கத்தை எழுதிக்கொண்டு மட்டையைத் திருப்பித் தந்தார். லண்டனிலிருந்து பதில் வரவேண்டுமாம். எத்தனை நாள்? சொல்லத் தெரியாதாம்.

பின்னேரம் அவள் தன் மலையைப் பார்க்கப் போனாள். மிளகாய்த்தூளை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஓகஸ்ட் 24

பதில் இல்லை.

ஓகஸ்ட் 27

லண்டனில் இன்று பாங்க் ஹொலிடே, கந்தோர்கள் எல்லாம் பூட்டு. எல்லாரும் கடற்கரைக்குப் போயிருப்பார்கள். போகட்டும், நல்லாய்ப் போகட்டும்.

ஓகஸ்ட் 31

இல்லை. இனித் திங்கள்தான். செவ்வாய் செல்வமலர் இறங்குகிறாள். கொழும்புக்குப் போன் எடுத்து மறிக்கவா? என்ன சொல்லி மறிக்கிறது? என் புத்தகத்தை நானே கிழித்துவிட்டேன், நீ வராதே என்றா? இரண்டு தரம் கேட்டவளல்லவா.

செப்டெம்பர் 3

பின்னேரம் நாலு மணிக்குத் தந்தார்கள். ஒரு தாள், ஒருவழிப் பயணத்துக்கு. ரயிலில் போனால் நடுவில் பிரான்ஸ் விசா கேட்பார்கள், பிளேனில் போ என்றார் அந்த மனிசன். அவரைக் கும்பிட்டேவிட்டேன்.

செப்டெம்பர் 4, மிச்சம்

காலையில் ஹீத்ரோவில் முதலில் நான் இறங்கினேன். அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். இமிகிரேசன்காரர் என்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார். மூன்று மணிக்குச் செல்வமலர் வெளியே வந்தாள். படத்தில் இருந்ததைவிட மெலிவு.

"என்ன, முதுகிலை மூட்டை?" என்றாள்.

பயணம் போன இடத்தில் புத்தகம் களவு போய்விட்டது, நேரே வருகிறேன் என்றேன். "பாவம்" என்றாள். வந்து இறங்கியவுடனேயே இவனுக்கு மூளை பிழை என்று அவள் நினைக்கவேண்டுமா?

நவம்பர் 18

கலியாணமாகி ஆறு கிழமை. இன்று இருவரும் விக்டோரியாவிலிருந்து வரும்போது ரயிலில் கண்ணயர்ந்துவிட்டேன். "டிக்கெட்ஸ்!" என்று யாரோ சத்தமிட்டார்கள். விழித்தபோது என் டிக்கெட் நாலு துண்டாகக் கையில் இருந்தது. செல்வமலர் துண்டுகளை வாங்கினாள். தன் உள்ளங்கையில் பொருத்தி டிக்கெட்காரருக்குக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு அப்பால் போனார்.

"கள்ளன் மட்டையை விட்டுட்டுப் போனதும் உப்பிடித்தானோ?" என்றாள்.

வந்த கிழமையே மட்டையை என் சூட்கேசுக்குள் கண்டிருக்கிறாள். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

சொன்னேன். லொறியிலிருந்து தொடங்கினேன். இறங்கவேண்டிய மிச்சம் ஜங்ஷன் தாண்டிப் போனது இருவருக்கும் தெரியவில்லை. ஹக்பிரிட்ஜில் இறங்கி, மழைத்தூறலில் திரும்பி நடந்து வந்தோம்.