மதினி திருத்தாத இரண்டு இடங்கள்

என் அன்பு மதினிக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அண்ணன் இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று காலை உங்கள் போட்டோவுக்கு நான்தான் பிச்சிப்பூ போட்டேன். போட்டுவிட்டு உங்களோடு சண்டையும் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

தென்காசியில் நம் ஆபீசில் நீங்கள் இன்ஜினியரிங் முடித்தவர், நான் பன்னிரண்டோடு நின்றவள். என்னைவிட எட்டே மாதம் மூத்த நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்த வேலை. லாட்ஜுகளில் ரூம் புக்கிங் பார்க்கும் கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் நான் எழுதுவதையெல்லாம் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் சீட்டிலிருந்து குரல் வரும்: "ஏட்டி, ரெண்டு இடத்துல சரி பண்ணிட்டேன். இனி மேனேஜர்ட்ட குடு." எட்டு வருடம் அந்தக் குரலை நம்பித்தான் வேலை பார்த்தேன்.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, ஒரு வருடமாகக் காலியாகக் கிடக்கும் உங்கள் இடத்தில் என்னை டீம் லீடாகப் போடப்போவதாகச் சொன்னார். நீங்கள் போன பிறகு நான் பெரிதாகப் புதிதாக எதையும் எழுதவில்லை, பழையதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீமில் இருக்கும் நான்கு பேரும் பட்டதாரிகள். என் பெயரில் ஓடுவதெல்லாம் மதினி திருத்தியது, முதல் மாதமே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, எனக்கு வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கொடுப்பதற்கு முன், நீங்கள் எங்கெங்கே திருத்தினீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று பழைய ஃபைல்களைத் திறந்தேன். யார் ஒரு வரியை மாற்றினாலும் அதில் அவர் பெயர் விழுந்துவிடும். என் தப்பைப் பார்க்கக் கூச்சப்பட்டு இத்தனை நாள் நான் அந்தப் பக்கமே போனதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் பெயர்தான் இருந்தது. உங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ஏன் மதினி அப்படிப் பொய் சொன்னீர்கள்? தப்பே இல்லை என்றால் நான் நம்பமாட்டேன் என்றா? இல்லை, படித்தே பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தீர்களா? உங்களைச் சொல்ல முடியாது, இரண்டையும் செய்திருப்பீர்கள். எனக்கு அப்படியொரு கோபம். அழுகையும் வந்தது. இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த வாரமே குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ரூம் நாள் கணக்கில் மட்டுமா போகிறது? வேன் பிடித்து வருகிறவர்கள் குளித்துத் துணி மாற்ற மூன்று மணி நேரத்துக்கு எடுப்பார்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் அத்தனை புக்கிங்கும் தலைகீழாகிவிடும். அதற்காக நான் எழுதியதை ஓட்டிக் காட்டினேன்.

லாட்ஜ்காரர் உற்றுப் பார்த்தார். "இத யாரு எழுதுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"என்ன படிச்சிருக்கிய?"

இந்தக் கேள்வி வந்தால் உங்களைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? அன்று பக்கத்தில் யாரும் இல்லை.

"பன்னெண்டாப்பு."

"சரி, தடைய எடுத்துட்டா திரும்ப எப்படி ரூம் போடுது? அதக் காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அவ்வளவுதான் விஷயம். இதற்கா நான் எட்டு வருடம் செத்துச் செத்துப் பிழைத்தேன்!

மறுநாள் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். பயம் முழுக்கப் போய்விடவில்லை. நேற்று டீமில் ஒருத்தி, எம்.சி.ஏ. முடித்தவள், தான் எழுதியதைக் கொண்டுவந்து நின்றாள். "அக்கா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. குடுக்கதுக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்தவளுக்கும் இதே பயமா மதினி? உங்களுக்கும் இருந்ததா?

அவள் எழுதியதை வரி விடாமல் படித்தேன். இனி யார் கொண்டுவந்தாலும் படிப்பேன். தப்பு இருந்தால் காட்டுவேன். இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். இந்த ஒன்றில் மட்டும் உங்களை மாதிரி இருக்கமாட்டேன்.

எட்டு வருடம் உங்களிடம் ஏமாந்த,
உங்கள் நாத்தனார்
மாரி