புகை வந்த இடம்

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறை வெடிப்பில், டிபன் பாக்ஸுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்தில் உன் நீலச் சட்டை இருக்கிறது. அம்மா கொடுத்தனுப்பினாள்.

காட்டுத்தீ அணைந்து மூன்று நாளாகிறது. மலைக்குகையிலிருந்து கடலோரம் வரை சுரங்கம் போகிறது என்ற கதைக்கு இணையத்தில் கண், காது, மூக்கெல்லாம் வைத்துவிட்டார்கள். சுரங்கத்தை மறைக்கத்தான் தீவுக்கே தீ வைத்தார்களாம். அந்தச் சுரங்கத்துக்கு ஒரு வரைபடம் வரைந்து இணையத்தில் முதலில் போட்டவன் நான்தான். படகு ரிப்பேர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், போனில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். அவ்வளவுதான்.

உன்னிடம் ஒப்புக்கொண்டேனே! "சும்மா அடிச்சு விட்டதுடா, நம்பித் தொலைக்காத" என்றேன். நீ என்ன கேட்டாய்? "அண்ணா, உன்ன யாரு மிரட்டினாங்க? ஏன் இப்ப மாத்திப் பேசுற?"

தீ நெருங்கியபோது எல்லாரும் படகுக்கு ஓடினோம். நீ மட்டும் குகைப் பக்கம் ஓடினாயாம். அதற்குப் பிறகு உன்னை யாரும் பார்க்கவில்லை.

மலையில் இப்போது ஒரு பொறிகூட இல்லை. ஆனால் இன்று காலையிலிருந்து இந்த வெடிப்பில் புகை வருகிறது. வரைபடத்தில் நான் பார்க்காமலே இழுத்த கோடு வந்து முடிந்த அதே இடம். கையை வைத்தால் வெடிப்பு காற்றை உள்ளே இழுக்கிறது, பிறகு விடுகிறது, யாரோ தூங்குவது போல.

நீ சுரங்கம் வழியாகத் தப்பித்துவிட்டாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள். அதனால்தான் சட்டை.

என் பொய் ஒன்று பலித்துவிட்டது. இன்னொன்றையும் பலிக்க வைடா, வெளியே வா.

வெடிப்பின் வாசலில்,
உன் அண்ணன்