கொர்னேலியஸ் உதைக்கவில்லை

13.9.1952
"சார், செத்த கோழி எப்படி சார் விரலை மடக்குது?" என்று செல்லன் ஒருமுறை வகுப்பில் கேட்டான். நாளைய வேதக்கோயில் திருவிழாவுக்கு என் மனைவி ரோசரி கோழி அறுத்தபோது அது நினைவுக்கு வந்தது. வெட்டிய காலில் தொங்கும் வெள்ளைத் தசைநாணை இழுத்தால் விரல் மடங்கும். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. "சைக்கிள் பிரேக் கம்பி மாதிரிடா. சதை இழுக்கும், நாண் அந்த இழுப்பை விரலுக்குக் கொண்டுபோகும்" என்று அன்று சொன்னேன். ஓய்வுபெற்றும் பாடம் நடத்தும் புத்தி போகவில்லை.

14.9
பூசைக்குப் பிறகு பேட்மிண்டன். பின்னால் போன பந்துக்குத் தாவினேன். 'டப்'பென்று சத்தம், வலது குதிகாலுக்கு மேல் ஓர் உதை. விழுந்தேன். தோட்டத்து முள்வேலிக் கேட்டில் நின்ற காவலர், காட்டுக் கம்யூனிஸ்டுகள் சுடுகிறார்கள் என்று குப்புறப் படுத்துவிட்டார்!
"ஏன்யா உதைச்ச, கொர்னேலியஸ்?" என்று கத்தினேன்.
"நான் வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன் லா! என் காலு என்ன அவ்ளோ நீளமா?"
அப்படியானால் உதைத்தது யார்?

16.9
பக்கத்து வீட்டுக் காளியண்ணன் எண்ணெய் போட்டு உருவுகிறார். "சுளுக்குத்தான் மாஸ்டர். ரெண்டு நாள்ல ஓடுவீங்க."
வலி குறைந்தது. ஆனால் காற்றுக்காகக் கோயில் ஆர்மோனியத்தை மிதிக்கப் போனால் பாதம் சொன்னபடி கேட்கவில்லை. அதன் இடது மிதி எப்போதோ உடைந்துவிட்டது. எல்லாம் இந்த வலது காலால்தான். வாசிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வேன்?

18.9
லோரியில் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சிவானந்தம் குதிகாலுக்கு மேல் தடவினார். பள்ளம்!
"ஒருத்தரும் உதைக்கல மாஸ்டர். நாண் அறுந்தா அப்படித்தான் தோணும். உருவ உருவ ரெண்டு முனையும் விலகித்தான் போகும்."
என் பிரேக் கம்பியே அறுந்திருக்கிறது! முனைகள் நெருங்கியிருக்க, பாதத்தைக் கீழே வளைத்து மாவுக்கட்டுப் போட்டார். ஒட்டாவிட்டால் கோலாலம்பூரில் அறுத்துத் தைக்க வேண்டுமாம். அப்போதும் நொண்டல் வரலாமாம் — நொண்டிக்கொண்டு மிதிக்க முடியுமா?

20.9
கொர்னேலியஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாஸ்டர். அடுத்த தடவ நிஜமாவே உதைச்சிடுறேன்."
காளியண்ணன்தான் கலங்கிப்போயிருக்கிறார். "நான்ல கெடுத்துட்டேன்!"
"எனக்கும் சுளுக்குன்னுதானே தோணுச்சு" என்றேன்.

9.10
டாக்டரிடம் கட்டைக் காட்டப் புறப்பட்டேன். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாது என்று கேட்டில் சோதனை. காவலர் மாவுக்கட்டையும் பிரம்பால் தட்டினார்.
"உள்ள அரிசி இல்லையே, மாஸ்டர்?"
"இருந்தா ரோசரி எப்பவோ உலையில போட்டிருப்பாளே!"

13.11
கட்டைப் பிரித்தார்கள். கால் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. ஆனால் பள்ளம் இல்லை! தடித்த கயிறு போல ஒட்டியிருக்கிறது. பலம்தான் இல்லை. "மெல்ல மெல்ல மிதிச்சுப் பழகுங்க. தாவினீங்க, மறுபடியும் அறுந்துடும்" என்றார் டாக்டர்.

30.11
கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. பக்கத்தில் உட்கார்ந்து கொர்னேலியஸ் மிதிக்க, நான் வாசித்தேன். அவர் பாதத்தின் ஓரமாக என் பாதமும், பேருக்கு. அவர் மிதிக்கிற வேகத்தில் பாடகர்களுக்கு மூச்சு வாங்கியது.
ரோசரி கேட்டாள்: "இது பாட்டா, பந்தயமா?"

24.12
ஊரடங்கு என்பதால் நள்ளிரவுப் பூசையை மாலை நாலு மணிக்கே வைத்தார்கள். காளியண்ணன் வீட்டாரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.
மூன்றாம் பாட்டின் நடுவில் பக்கத்தில் பார்த்தேன். இடம் காலி. மிதியில் என் பாதம் மட்டும். கொர்னேலியஸ் பாடகர்களோடு நின்று, சுருதி விலகிச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.
பூசை முடிந்ததும், "எப்பய்யா எழுந்த?" என்றேன்.
"ரெண்டாவது பாட்டுலயே லா. சொன்னா பயந்துருவீங்க!"

எப்போதாவது இதைப் படிக்கிறவருக்கு: உட்கார்ந்து, குதிகாலுக்கு மேல் இரண்டு விரலை வைத்து, பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் இழுபடுகிற கயிறுதான் அந்த நாண்.