உப்புப் போடாத கோக்கி

நேற்று ஆபிரிக்கக் கடையொன்றில் சிவப்புப் பாம் ஒயில் போத்தல் வாங்கி வந்தேன். மூடியைத் திறந்ததும் ஈரமண்ணும் கரட்டும் கலந்ததுபோல் ஒரு மணம். நீ இருந்திருந்தால் முதலில் விரலில் தொட்டு நக்கியிருப்பாய். அது என்னவென்று பிறகுதான் கேட்டிருப்பாய்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், தொண்ணூறுகளில், வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே மாடியில் குடியிருந்தோம். லிஃப்டை விட்டு இறங்கினால் நீ நேரே வீட்டுக்குப் போகமாட்டாய். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன வேகிறது என்று நின்று மணந்து பார்ப்பாய். அப்படித்தான் மார்த்தாவின் கதவைத் தட்டினாய். கமரூனிலிருந்து வந்தவள், எங்களைப் போலவே அகதி வழக்கு முடியாமல் காத்திருந்தவள். உன்னுடைய அரைகுறை ஆங்கிலத்தைச் சிரிக்காமல் கேட்பாள்.

அவளுடைய தாய் ஊரில் இறந்துபோனார். மார்த்தாவால் போக முடியவில்லை. இங்கிருந்த அவளுடைய ஆட்கள் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி, சாப்பிட்டு, பாடி, ஆடி அந்த அம்மாவை வழியனுப்புவதாகத் தீர்மானித்தார்கள். சமைக்க ஆள் போதாது என்று நீ என்னிடம் வந்தாய்.

“செத்த வீட்டில டான்ஸோ?” என்று கேட்டேன்.

“எனக்கும் விளங்கேல்லை. அதுதான் போய்ப் பாப்பம் எண்டுறன்.”

தாய்க்குப் பிடித்த, பயற்று மாவை இலையில் மடித்து அவிக்கும் கோக்கிதான் அன்றைக்கு முக்கியம். வாழையிலை எங்கே கிடைக்கும் என்று மார்த்தா கவலைப்பட, நீ அவளைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போய், உறைந்து கிடந்த இலைக் கட்டுகளைக் காட்டினாய். ஊறவைத்த கௌப்பிப் பயறைத் தோல் போகத் தேய்த்து அரைத்தோம். அந்த மாவை மார்த்தா கையால் அடித்துக்கொண்டேயிருந்தாள், அது பஞ்சுபோல் பொங்கும்வரை. பிறகு சூடாக்கிய பாம் ஒயிலை ஊற்றினாள். வெள்ளை மாவு ஒரே கலக்கலில் மஞ்சளானபோது நீ சட்டிக்குள் விழாத குறையாக எட்டிப் பார்த்தாய். இலையை நெருப்பில் வாட்டி மடிப்பதை மட்டும் அவள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உப்பை எடுத்து நீட்டினாய். தன் தாய் கோக்கிக்கு உப்புப் போடுவதில்லை, பழுத்த வாழைக்காயோடு அப்படியே சாப்பிடுவார்கள் என்றாள் மார்த்தா. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பதை நீ ஆங்கிலத்தில் சொல்லப்போக, எதைக் குப்பையில் போடுவது என்று அவள் பதறிப்போனாள். அவிந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். பருப்பின் இனிப்பு இவ்வளவு நாளும் உப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது என்றாய்.

மண்டபத்தில் தாயின் படத்தைச் சுற்றி ஆடினார்கள். நடுவில் ஒவ்வொருவராக எழுந்து அந்த அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். நீ மார்த்தாவின் காதில் என்னவோ கேட்டாய். அவள் உன் கையைப் பிடித்து நடுவே கொண்டுபோய் விட்டாள்.

உன் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி, கிரியைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் உனக்கு வந்திருந்தது. தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு வேலைக்குப் போனவள் நீ. அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அன்று எல்லோர் முன்னாலும் தமிழில் சொன்னாய்.

“என்ர அப்பா சைக்கிள்ல பாடிக்கொண்டுதான் வருவார். சுதி சேராது. ஒழுங்கையில நிக்கிற நாயெல்லாம் குரைக்கும். அவர் நிப்பாட்டமாட்டார்.”

சொல்லிவிட்டு அந்தப் பாட்டைச் சுதி சேராமலே பாடினாய். அங்கே என்னைத் தவிர யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் கைதட்டித் தாளம் போட்டார்கள். நீ சிரித்தபடியே அழுதாய். பிறகு அவர்களோடு ஆடினாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், “வடிவாப் பசிக்குதடி. அப்பா செத்தாப்பிறகு இண்டைக்குத்தான் பசிக்குது” என்றாய்.

நீயும் போய்ச் சேர்ந்து இரண்டு மாரி கழிந்துவிட்டது. இப்போது செத்த வீடுகளுக்குப் போனால், என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்பதில்லை. பக்கத்தில் இருந்து, “ஆள் எப்பிடி, பகிடி விட்டுச் சிரிக்கவைப்பாரோ?” என்று கேட்கிறேன். முதலில் திகைத்து என்னைப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுத்து, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்குவார்கள்.