கம்பளிக்குள் வைத்த சீனிப்பாகு

இன்று அம்மா பம்பாய் வெங்காயம் உரித்தார். தோலுக்கடியில் கரித்தூள் போலப் பூஞ்சணம். கழுவ விடாமல் அந்தத் தோலைக் கையில் வாங்கிக்கொண்டேன். உன் நினைவு வந்துவிட்டது.

நோர்வூட்டில் நானா கடைப் புளிப்பு மிட்டாயை நாம் ஆளுக்குப் பாதியாகத் தின்றோமே! அந்தப் புளிப்பு எலுமிச்சையிலிருந்து வருவதில்லை, கறுப்புப் பூஞ்சணத்தைச் சீனிப்பாகில் வளர்த்துச் சித்திரிக்கமிலம் என்ற புளிப்பை எடுக்கிறார்கள் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். நீ மிட்டாயைத் துப்பவில்லை. "அப்ப நாமளும் செய்வோம்டி" என்றாய்.

பொங்கல் கழிந்ததும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்க உன் பேரைப் பதிவதாக உன் அப்பா சொல்லியிருந்தார். அதோடு பள்ளி முடிந்துவிடும். நீ பூஞ்சணக் கதையை அவரிடமே கொண்டுபோனாய்.

"புளிக்க வைக்கிறதுக்கு ஒரு படிப்பா? ஒங்கம்மா வச்ச சோறு தெனம் புளிக்குது. அவளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவா?"

"இது வேறப்பா. செஞ்சு காட்டுனா என்னையப் படிக்க விடுவீங்களா?"

"காட்டு, பாக்கலாம்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நீ அதை வாக்காக எடுத்துக்கொண்டாய்.

வாயகன்ற போத்தலில் பாகை ஊற்றி, வெங்காயத் தோலின் கரியைத் தூவினோம். லயத்து வீட்டுக் குளிரில் ஒன்றுமே முளைக்கவில்லை. "பாவம், குளிருதுடி இதுக்கு" என்று உன் கம்பளியைப் போத்தலுக்குச் சுற்றிவிட்டு, நீ சாக்கைப் போர்த்திப் படுத்தாய். பாகின்மேல் மெல்லக் கறுப்பு ஆடை படர்ந்தது. உனக்குக் காய்ச்சலும் வந்தது. தோட்டத்து மருந்துக்கு நெஞ்சுச் சளி இறங்கவில்லை. கம்பளியை எடுக்க வந்த உன் அம்மாவிடம், "அதை எடுக்காதீங்கம்மா" என்றாய். அவர் தன் கம்பளியை உனக்குப் போர்த்தினார்.

பொங்கலுக்கு நீ இல்லை.

கருமாதி முடிந்தபின் உன் அப்பா போத்தலைக் கம்பளியோடு அணைத்தபடி எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார். "புளிச்சிருக்கா பாரும்மா. எனக்குத் தெரியல." நீ செய்து வைத்திருந்தாயே, புளிப்பைச் சோதிக்கச் செம்பருத்திப்பூ தேய்த்த தாள், அதைப் பாகில் நனைத்தேன். ஊதா நிறம் சிவந்தது.

"காட்டிட்டாளே" என்றார். பிறகு வாசற்படியில் குந்திக்கொண்டு அழுதார்.

வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த உன் தங்கையை அவரே கூட்டிப்போய்ப் பள்ளியில் சேர்த்தார். மழை நாளில் அவள் உன் கம்பளியைத்தான் போர்த்திக்கொள்கிறாள். ஓடை பெருகினால் நான் அவளை முதுகில் தூக்கிக் கடக்கிறேன். எத்தனை தடவை துவைத்தும் அந்தப் பூஞ்சண வாடை போகவில்லை. என் கழுத்தை ஒட்டியே பள்ளிவரை வருகிறது.